தன்னார்வலர் தரும் நோய்க்குறிப்புகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பல ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழ்பவன். வலி, தூக்கம், மருந்து ஆகியவற்றைப் பற்றி வாரந்தோறும் இணையத்தில் பதியச் சொல்லி ஓர் ஆய்வுக்குழு அழைத்திருக்கிறது. பல்லாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்களாம். என் மருத்துவரோ, அவரவர் சொல்வதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று ஒதுக்கிவிட்டார். இத்தனை பேரின் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? நான் சேரலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மருத்துவர் ஒரேயடியாக ஒதுக்கியிருக்க வேண்டாம். வலியையும் சோர்வையும் பொறுத்தவரை, அவற்றை அனுபவிப்பவரின் சொல்லைவிட மேலான சான்று கிடையாது. கொரோனா பரவத் தொடங்கிய 2020இல், வாசனை தெரியாமல் போவது அந்நோயின் முக்கிய அறிகுறி என்பதை வலுப்படுத்தியதில், பிரிட்டனில் லட்சக்கணக்கானோர் ஒரு செயலியில் தாமாகப் பதிந்துவந்த குறிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் பல்லாயிரம் பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2021இல் பேஸ்புக் வழியாக வாரத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேரிடம் கருத்துக்கேட்பு நடத்தி, எத்தனை பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்று கணக்கிட்டார்கள். மே மாதக் கணக்கு உண்மை நிலவரத்தைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. அதே காலத்தில் கவனமாகத் தேர்ந்தெடுத்த சுமார் ஆயிரம் பேரிடம் நடத்திய மற்றொரு கணிப்பு உண்மைக்கு மிக நெருக்கமாக வந்தது. பதில் சொல்ல முன்வருபவர்களும் வராதவர்களும் வேறு வேறு வகையினராக இருக்கும்போது, ஆட்கள் பெருகுவதால் பிழை குறைவதில்லை. தவறான விடை கூடுதல் உறுதியோடு வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

நோயாளிகளின் குறிப்புகளில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. நரம்புச் செல்கள் அழிந்து தசைகள் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயை, மனநலச் சிகிச்சையில் பயன்படும் லித்தியம் என்ற மருந்து மட்டுப்படுத்துகிறது என்று 2008இல் இத்தாலியில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. அதில் லித்தியம் எடுத்துக்கொண்டவர்கள் வெறும் 16 பேர். காத்திருக்க நேரமில்லாத நோயாளிகள் பலர் தாமாகவே லித்தியத்தைத் தொடங்கி, நோயாளிகள் அனுபவம் பகிரும் பேஷண்ட்ஸ் லைக் மீ என்ற இணையதளத்தில் தங்கள் நிலையைப் பதிந்துவந்தார்கள். இத்தகைய பதிவுகளில் உடல் நலிந்தவர் எழுதுவதை நிறுத்திவிடலாம். தேறியதாக உணர்பவர் உற்சாகமாகத் தொடரலாம். மருந்து எடுப்பது தெரிந்திருப்பதால் நம்பிக்கையே, தம் நிலைக்குத் தாமே இடும் மதிப்பெண்ணைக் கூட்டிவிடவும் கூடும். ஆய்வாளர்கள், அத்தளத்தில் லித்தியம் எடுத்துப் பதிந்துவந்த 149 பேர் ஒவ்வொருவருக்கும், லித்தியம் தொடங்குவதற்கு முன்பு நோய் எந்த வேகத்தில் முற்றியது என்பதைப் பார்த்து, அதே போக்கிலிருந்த மற்ற நோயாளிகளை இணையாக வைத்து ஒப்பிட்டார்கள். பலன் ஏதும் இல்லை என்பது 2011இல் வெளியானது. முறையான மருத்துவப் பரிசோதனைகளும் அதையே காட்டின. மருந்துக்கு முந்தைய மாதங்களின் குறிப்புகள் இருந்ததால்தான் அந்த ஒப்பீடு சாத்தியமானது. இந்த முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் லித்தியம் இரத்தத்தில் சற்று அளவு மீறினாலே நஞ்சாகும் மருந்து என்பதையும், ஒருவர் தாமாக இறங்கும் சோதனையில் ஆபத்து வந்தால் நிறுத்தச் சொல்லும் நெறிமுறைக் குழு கிடையாது என்பதையும் மறக்க முடியவில்லை.

அடுத்து, ஒப்புதல். திரையின் அடியில் ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டுப் போவதை ஒப்புதல் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீ-யில் 2023இல் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியபோது, வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்தது. ஆய்வுக்கென்று நம்பிக் கொடுத்தவர்கள் இன்னொரு உரிமையாளருக்கு அன்று சம்மதிக்கவில்லை. பெயரை நீக்கிவிட்டோம் என்ற உறுதிமொழியும் போதாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்தாலே பலரை அடையாளம் கண்டுவிடலாம்.

நீங்கள் சேரலாம் என்பதே என் கருத்து. அதற்கு முன், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, தரவு யாருக்கெல்லாம் பகிரப்படும், நிறுவனம் கைமாறினால் என்னவாகும், நீங்கள் விலகினால் ஏற்கெனவே கொடுத்தவை அழிக்கப்படுமா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அங்கே பிறர் எழுதுவதைப் பார்த்து உங்கள் மருந்தை மாற்ற வேண்டாம். சேர்ந்த பிறகு, மாத்திரையைத் தவறவிட்ட வாரங்களையும் எழுதவே பிடிக்காத வாரங்களையும் விடாமல் பதியுங்கள். ஆய்வாளர்களுக்கு அரிதாகக் கிடைப்பவை அவைதான்.

அன்புடன்