கருத்தடை ஒட்டுப் பட்டையை எப்போது ஒட்டத் தொடங்கலாம்?

இது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய 2 ஹார்மோன்களைத் தோல் வழியே ரத்தத்தில் சேர்க்கும் சிறு பட்டை. வாரம் ஒன்றாக 3 வாரம் ஒட்ட வேண்டும். 4ஆம் வாரம் பட்டை இல்லை, பெரும்பாலும் அப்போது ரத்தப்போக்கு வரும்.

மாதவிலக்கின் முதல் நாளிலேயே ஒட்டினால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் வேறு நாளிலும் தொடங்கலாம். ஆனால் முதல் 7 நாள் ஆணுறையும் வேண்டும். கருமுட்டை வெளிவராமல் தடுக்க ஹார்மோன் சில நாள் தொடர்ந்து சேர வேண்டும். பாலில் உறை ஊற்றியதுமே தயிராகிவிடுமா என்ன?

மேற்கையின் வெளிப்புறம், வயிறு, முதுகு, பிட்டம் இவற்றில் ஒட்டலாம், மார்பில் கூடாது. அந்த இடத்தில் க்ரீம், பவுடர் தடவாதீர்கள், ஓரம் கிளம்பிவிடும். குளிக்கும்போது விரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும். ரத்தம் உறைந்த வரலாறு, மார்பகப் புற்றுநோய், கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் இது வேண்டாம். பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

“விழுங்குவதில்லையே, வெறும் பிளாஸ்திரிதானே, பக்கவிளைவு எப்படி வரும்?” என்பார்கள். தவறு. ஹார்மோன் போய்ச் சேர்வது ரத்தத்தில்தான். மாத்திரைக்குள்ள ரத்த உறைவு அபாயம் இதற்கும் உண்டு.