எக்கோ அலையால் இதயத்துக்கு மருந்து: வாசகர் கேள்விகள்

கே: எக்கோ எடுக்கிற மெஷினாலேயே இதயத்துக்கு மருந்தும் அனுப்பலாமாமே, உண்மையா? (ஹட்டன்)

ப: உண்மைதான். எக்கோ என்பது காதுக்குக் கேட்காத ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன். ஆனால் மருந்தைச் சுமப்பது ஒலி இல்லை, இரத்தம். கொழுப்பு அல்லது புரத உறைக்குள் வாயு அடைத்த நுண்குமிழிகளை நாளத்தில் ஏற்றுவார்கள். பெரும்பாலானவை சிவப்பணுவைவிடச் சிறியவை என்பதால் நுரையீரலைச் சிக்காமல் கடந்துவிடும். மருந்தோ மரபணுவோ உறையில் ஒட்டியிருக்கும், அல்லது கூடவே மிதந்து வரும். நெஞ்சில் வைத்த புரோப் (ஸ்கேன் கருவியின் கைப்பிடி) அலை அனுப்பும்போது, அந்த அலை படும் இடத்துக் குமிழிகள் மட்டும் விரிந்து சுருங்கும். அலையின் வலு கூடினால் வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் பக்கத்துக் கலங்களின் மென்சவ்வில் நுண்துளை விழும். மருந்து உள்ளே போகும், பிறகு துளை மூடிக்கொள்ளும். வாயு சில நிமிடங்களில் மூச்சோடு வெளியேறிவிடும். வலு மிஞ்சினால் மெல்லிய நாளங்கள் கசியலாம், துடிப்பும் தவறலாம். அளவைப் பிடிப்பதுதான் இதில் பெரிய வேலை.

கே: சும்மா ஊசியில் ஏற்றினால் போதாதா? (பண்டாரவளை)

ப: ஊசியில் ஏற்றுவது இதயத்துக்கு மட்டும் போகாது. உதாரணமாக, கலத்துக்குள் கொண்டுபோக வைரஸில் வைத்து நாளத்தில் ஏற்றும் மரபணுவில் பெரும்பங்கை ஈரல் இழுத்துக்கொள்கிறது. குமிழி வழியில் எலிகளின் இதயத்துக்கு மரபணுவைக் கொண்டுசேர்க்கலாம் என்று 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

கே: அப்பாவுக்கு இதயம் பலவீனம். கொழும்புக்குக் கூட்டிப்போனால் இதைச் செய்வார்களா? (பொகவந்தலாவை)

ப: இல்லை மகள். இதயத்துக்கு மரபணுவை இப்படி அனுப்புவது எந்த நாட்டிலும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. நுண்குமிழி இன்றைக்கு ஸ்கேன் படம் தெளிவாகத் தெரியத்தான் பயன்படுகிறது. இதைச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அப்பாவின் கிளினிக் கொப்பியில் எழுதிய மருந்தை ஒருநாளும் நிறுத்த வேண்டாம். தினமும் காலையில் நிறை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினாலோ, கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தாலோ, அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் உடனே கூட்டிப்போங்கள்.

கே: மாரடைப்புக்கு இது உதவுமா? (அப்புத்தளை)

ப: எனக்கு நம்பிக்கை தருவதே இந்தப் பக்கம்தான். 2019இல் வெளியான பிரேசில் ஆய்வில் 100 நோயாளிகள் இருந்தார்கள். குமிழியும் வலுவான அலையும் பெற்றவர்களில் 48 சதவீதத்தினருக்கு, ஆஞ்சியோவில் (நாளத்தைப் படம் பிடிக்கும் சோதனையில்) பார்க்கும்போதே அடைத்த நாளம் திறந்திருந்தது. மற்றவர்களில் 20 சதவீதம்தான். இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும். லயத்தில் யாருக்காவது நெஞ்சு இறுகி வியர்த்தால், வாய்வு என்று கசாயம் கொடுத்துக் காத்திராமல் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பதை அந்த நேரத்தை வைத்தும்தான் முடிவெடுப்பார்.