134/84: பிரஷர் இருக்கிறதா, இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரை நோய் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. உடல் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 134/84 இருந்தது. ஒரு டாக்டர், பிரஷர் வந்துவிட்டது என்கிறார். இன்னொருவர், இது நோயே இல்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மாத்திரை தேவையா?

பதில்: இரண்டு பேர் சொன்னதற்கும் ஆதாரம் இருக்கிறது. முதல் டாக்டர் அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறார். 2017-இல் அவர்கள் 140/90 என்ற எல்லையை 130/80 ஆகக் குறைத்தார்கள். இதனால் அந்நாட்டில் பெரியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் என்றிருந்த நோயாளிகள் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆகிவிட்டார்கள். யார் உடம்பிலும் எதுவும் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது. இரண்டாவது டாக்டர் வைத்திருப்பது பழைய 140/90. உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய இதயவியல் சங்கமும் இன்னும் அதில்தான் நிற்கின்றன. ஆனால் ஐரோப்பியர்கள் 2024-இல், 120/70-க்கும் 139/89-க்கும் இடைப்பட்டவர்களைத் தனிப் பிரிவாக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கில் நீங்கள் நோயாளியும் இல்லை, முழு ஆரோக்கியமும் இல்லை.

ஏன் இந்தக் குழப்பம்? ரத்த அழுத்தத்தால் வரும் ஆபத்து ஓர் எண்ணில் திடீரென்று தொடங்குவதில்லை. 115/75-இலிருந்தே மெதுவாக ஏறுகிறது. நடுவயதில் மேல் எண் ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதம், மாரடைப்பால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு. 2015-இல் வெளியான ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்வில், மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் இதய பாதிப்புகள் கால் பங்கு குறைந்தன. அமெரிக்கர்கள் கோட்டை இறக்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஏற்கனவே ஆபத்து அதிகம் உள்ளவர்கள். தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு மயக்கமும் சிறுநீரகக் கோளாறும் கூடுதலாக வந்தன. அதை அப்படியே உங்களுக்குப் பொருத்துவது சரியல்ல.

நோய்க்குப் பெயர் வைப்பது வேறு, மாத்திரை எழுதுவது வேறு. மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, சிறுநீரக நோய் எதுவும் இல்லாமல், அடுத்த பத்தாண்டில் இதய நோய் வரும் ஆபத்தும் குறைவாக இருந்தால், 134-க்கு எந்த வழிகாட்டுதலும் உடனே மாத்திரை கொடுக்கச் சொல்லவில்லை. உப்பைக் குறைப்பது, எடையைக் குறைப்பது, நடப்பது, மதுவை விடுவது, இவைதான் முதலில். வித்தியாசம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. மூன்று முதல் ஆறு மாதம் கழித்தும் 130/80-க்கு மேலேயே நின்றால் மாத்திரை தொடங்கலாம் என்கிறது 2025-இன் அமெரிக்க வழிகாட்டுதல். மற்றவர்கள் இன்னும் பொறுக்கலாம் என்பார்கள். நான் பொறுக்கச் சொல்பவர்கள் பக்கம். ஆனால் உங்கள் பெற்றோருக்கு இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் என் பேச்சு மாறும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு சந்தேகம்: அந்த 134 உண்மையா? படியேறி வந்தவுடன் பார்த்தாலோ, பேசிக்கொண்டே பார்த்தாலோ, கைப்பட்டை சிறியதாக இருந்தாலோ எண் கூடும். டாக்டரைக் கண்டாலே சிலருக்கு ஏறிவிடும். இப்படிப்பட்ட ஒரே அளவை வைத்து இரண்டு டாக்டர்கள் வாதாடுவதில் பயனில்லை. மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவியால் வீட்டிலேயே ஒரு வாரம் பாருங்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்கார்ந்த பிறகு, காலை மாலை இரண்டு வேளையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐ எட்டினால் அது கிளினிக்கில் 140/90 இருப்பதற்குச் சமம். அப்போது இரண்டு டாக்டர்களுமே பிரஷர் என்றுதான் சொல்வார்கள். வலி மாத்திரை அடிக்கடி சாப்பிடுபவரா, பலமாகக் குறட்டை விடுபவரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டுமே அழுத்தத்தை ஏற்றும். கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனைகளையும், கொழுப்புப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.