மாமனார் கொண்டுவந்த பாலைவன ஓவியம்: என்ன விலை பெறும்?

கேள்வி: கம்பெனி வேலையாகக் கலிஃபோர்னியா போன என் மாமனார், திரும்பும்போது ஒரு ஆயில் பெயின்டிங் வாங்கி வந்தார். மணல், சாம்பல் நிறத்தில் ஒரு மரம், பின்னால் பனி படிந்த மலை. கேன்வாஸ் இல்லை, பழுப்பு அட்டை. பின்புறம் பென்சிலில் ‘பாம் ஸ்பிரிங்ஸ், 1957’ என்றிருக்கிறது. கையெழுத்து ‘டிக்சன்’ போலத் தெரிவதால், அமெரிக்கப் பாலைவனங்களை வரைந்த பிரபல ஓவியர் மேனார்ட் டிக்சன் வரைந்தது, பல லட்சம் பெறும் என்கிறான் மகன். ஃபிரேம் கடைக்காரர், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும், ஐயாயிரம் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம், அம்மா. அதன் ஈரமும் மாவும் பெயின்டின் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும்; மும்பை மழைக்காலத்தில் அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். விலை தெரியும்வரை ஈரத்துணிகூடப் படக் கூடாது.

அட்டை என்பதால் மட்டமாக நினைக்காதீர்கள். ஒரு பக்கம் வழவழப்பும், மறுபக்கம் வலை பதிந்த மாதிரித் தடமும் இருந்தால் அது மேசனைட், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. 1924-இல் வந்த அந்தப் பலகையில் அக்காலத்து அமெரிக்க ஓவியர்கள் நிறையப் பேர் வரைந்திருக்கிறார்கள். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரே அளவுப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அச்சுப் படம். மேடுபள்ளம் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அச்சுக்கு மேல் நிறமில்லாத பசை தடவியும் மேடு காட்டுவார்கள். மரத்தின் சாம்பல் நிறம் எங்கே முடிகிறதோ அங்கேதான் பிரஷ் தடமும் முடிய வேண்டும்.

உங்கள் படத்தில் எனக்குப் பிடித்ததே அந்த மரம்தான். பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்து வறண்ட ஓடைகளில் ‘ஸ்மோக் ட்ரீ’ என்றொரு மரம் உண்டு; தூரத்திலிருந்து பார்த்தால் புகை நிற்பது போலவே இருக்கும். ஊருக்கு மேலே பத்தாயிரம் அடிக்கும் அதிகமான சான் ஹாசின்டோ மலை, குளிர்காலத்தில் பனியோடு. ஆக, ஊர்ப் பெயர் படத்தோடு பொருந்துகிறது.

டிக்சன் விஷயம் வேறு. மேனார்ட் டிக்சன் 1946-லேயே காலமாகிவிட்டார். 1957 வரைந்த ஆண்டு என்றால் இது அவருடையது இல்லை. வாங்கிய ஆண்டை மாமனாரே குறித்து வைத்திருக்கவும் கூடும். அவருடைய பழைய கடிதம் ஏதாவது இருந்தால் அந்தப் பென்சில் எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது மாமனார் எழுதியது இல்லையென்றால், மகனிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் சுற்றுலா வந்தவர்களுக்கென்றே வரைந்து விற்ற ஓவியர்கள் பலர். நல்ல கைதான், ஆனால் பெரிய விலை போகாது.

விலையை முடிவு செய்வது ஓவியர் பெயரும், அவருடைய இதே அளவுப் படங்கள் ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையும்தான். விற்பவர் கேட்கும் விலை கணக்கில் வராது. மும்பை ஏல நிறுவனங்களில் முக்கியமாக இந்தியக் கலைக்குத்தான் கிராக்கி. அதனால் கையெழுத்து, முன்புறம், பின்புறம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அமெரிக்க மேற்குப் பகுதி ஓவியங்களை ஏலம் விடும் நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். உத்தேச விலையை அங்கே பலர் இலவசமாகவே சொல்வார்கள். பதில் வரும்வரை ஐயாயிரத்துக்குச் சரி சொல்லாதீர்கள். அப்புறம், விற்றால் லாபத்துக்கு வரி உண்டு; வீட்டுப் பொருள் என்ற விலக்கு ஓவியத்துக்குக் கிடையாது.