மணிப்பூரின் எல்லையூரான மோரேயில் தமிழர்கள் குடியேறியது எப்படி?

பர்மாவில் 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத் தளபதி நே வின், அடுத்தடுத்து வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கினார். 1964இல் 50, 100 சாட் (பர்மிய நாணயம்) தாள்களும் செல்லாதவையாகிவிட, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பலர் சேமிப்பை இழந்து, ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலேறினர். தமிழகத்தில் காலூன்ற இயலாத சிலர், பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடும் எண்ணத்துடன் தரைவழியாக மோரே வரை சென்று, எல்லையைக் கடக்க முடியாமல் அங்கேயே தங்கிவிட்டனர்.

பர்மிய மொழியறிவே அவர்களுக்குப் பெரும் முதலாக இருந்தது என்று கருதுகிறேன். ஏனெனில் எல்லைக்கு எதிரே பர்மாவில் உள்ள தமு நகருடனான வணிகமே ஊரின் பிழைப்பாக இருந்தது. 1995இல் எல்லை வணிகம் முறைப்படியும் தொடங்கியது. மணிப்பூரின் குக்கி, மெய்தேய் இன மக்களோடு வாழ்ந்தபடி தமிழர்கள் எழுப்பிய அங்காள பரமேசுவரி கோயில், தமிழக முறைக் கோபுரத்துடன் அங்கே நிற்கிறது.