போக்கரில் எதிராளி பெரிய பந்தயம் வைத்தால் கால் செய்வதா, சீட்டைக் கவிழ்ப்பதா?

"என் கையில் சுமாரான ஒரு ஜோடி. கடைசிச் சுற்றில் எதிராளி பெரிய தொகை வைக்கிறார். எப்போது கால் செய்யலாம், அதாவது அதே தொகையைப் போட்டு ஈடு கொடுக்கலாம், எப்போது சீட்டைக் கவிழ்த்து விலகிவிட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நண்பர்கள் சிலரோடு டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தைப் பணம் வைக்காமல், சில்லுகளை மட்டும் வைத்துப் பல ஆண்டுகளாக ஆடி வருகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில்; எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேஜையில் விரியும் போக்கர் வகை இது. தொடக்கத்தில் எனக்குள் ஓடியது ஒரே கேள்விதான்: அவரிடம் நல்ல சீட்டு இருக்கிறதா, இல்லையா? அதை விட்டொழித்த பிறகே எனக்கு ஆட்டம் பிடிபட்டது. இந்த விலைக்கு எத்தனை முறை வென்றால் எனக்குக் கட்டுப்படியாகும் என்றுதான் இப்போது பார்க்கிறேன்.

நடுவில் 1,000 சில்லு கிடக்கிறது. எதிராளி 500 வைக்கிறார். நானும் 500 போட்டால் மொத்தம் 2,000. அதில் என் பங்கு நான்கில் ஒன்று. ஆக, நான்கு முறையில் ஒரு முறை வென்றாலே போட்ட முதல் தேறிவிடும். மற்ற மூன்று முறையும் அவர் நல்ல சீட்டைக் காட்டினாலும் என் முடிவில் பிழையில்லை. அவர் முழுதாக 1,000 வைத்தால் மூன்றில் ஒரு முறை வெல்ல வேண்டும். இது மனதில் ஏற நாளாகும். கால் செய்து தோற்றால் மேஜையே பார்க்கிறது. வெல்ல வேண்டிய சீட்டைக் கவிழ்த்தால் பெரும்பாலும் நமக்கே தெரியாமல் போகிறது. அதனால்தான் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள்.

இன்னும் ஒரு சீட்டு வர வேண்டியிருந்தால் வேலை சுலபம். ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அமைய ஐந்தாவது ஹார்ட்டினுக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால், கண்ணில் படாத 46 சீட்டில் 9 உங்களுக்கு உதவும். கிட்டத்தட்ட 20 சதவீதம். மேலே சொன்ன 500 பந்தயத்துக்கு 25 தேவை. சீட்டு வந்து சேர்ந்த பிறகும் அவர் உங்களுக்குப் பணம் தருவார் என்ற நம்பிக்கை இல்லையென்றால் கவிழ்த்துவிடுங்கள்.

கடினமானது எல்லாச் சீட்டும் வந்த பிறகுதான். 2003இல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை இதற்காகவே பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். 839 பேர் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் கடைசி இருவராக மிஞ்சியவர்கள் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளரும் சாமி ஃபர்ஹா என்ற தொழில்முறை ஆட்டக்காரரும். ஒரு கட்டத்தில் மேஜையில் இஸ்பேட் ஒன்பது, டைமண்ட் இரண்டு, இஸ்பேட் ஆறு, இஸ்பேட் எட்டு. கடைசியாக வந்தது ஹார்ட்டின் மூன்று. ஃபர்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஹார்ட்டின் ஒன்பதும்; அதாவது ஒன்பது ஜோடி. மணிமேக்கர் இருந்த சில்லு அத்தனையையும் நடுவே தள்ளினார். ஃபர்ஹா வெகுநேரம் யோசித்தார். "உன் ஃபிளஷ் சேரவில்லை போலிருக்கிறது" என்கிற பொருளில் வாய்விட்டும் சொன்னார். பிறகு கவிழ்த்துவிட்டார். மணிமேக்கரிடம் இருந்தது ராஜாவும் ஏழும். ஒரு ஜோடிகூட இல்லை.

ஃபர்ஹாவின் கையில் இருந்த அந்த இஸ்பேட் ராணியைக் கவனியுங்கள். மேஜையில் மூன்று இஸ்பேட் போக மிச்சம் பத்து. அந்தப் பத்திலிருந்து எதிராளிக்கு ஃபிளஷ் அமைய 45 ஜோடிகள் உண்டு. ராணி உங்கள் கையிலேயே இருந்தால் அது 36 ஆகக் குறைகிறது. அதே சமயம், தனி இஸ்பேட் ராஜாவையோ ஏஸையோ வைத்துக்கொண்டு காத்திருந்து ஏமாந்தவர்கள் எண்ணிக்கையில் ஒன்றும் குறையவில்லை. கடைசிச் சீட்டு ஹார்ட்டின் என்பதால் அவர்கள் யாருக்கும் எதுவும் சேரவுமில்லை. அவருடைய ஜோடி ப்ளஃப் ஒன்றைத்தான், அதாவது கையில் ஒன்றுமில்லாமல் மிரட்ட வைக்கும் பந்தயத்தைத்தான், வெல்லும் என்பது உண்மை. ஆனால் ப்ளஃப் செய்யத் தோதான சீட்டுகள் அங்கே நிறைய இருந்தன. கால் செய்வதற்கு நான் தேடும் நிலைமை இதுதான்: எதிராளியின் பந்தயம் சொல்லும் கதைக்குப் பொருந்தும் சீட்டில் ஒன்று என்னிடம் இருக்க வேண்டும், சேராமல் போன சீட்டுகள் அவரிடம் இருக்க நிறைய வாய்ப்பும் இருக்க வேண்டும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரையும் கால் செய்யாதீர்கள். எங்கள் மேஜையில் வயதில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். சுற்றுக்குச் சுற்று பேசாமல் பந்தயத்துக்கு ஈடு கொடுத்துக்கொண்டே வருவார். கடைசியில் மட்டும், சில்லுகளை இரண்டு விரலால் நேராக அடுக்கி, அடுக்கு குலையாமல் முன்னால் நகர்த்துவார். அப்படி நகர்த்தியபோது அவர் வெறுங்கையோடு இருந்ததை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவரிடம் நான்கில் ஒரு முறை என்ற கணக்கே நிற்காது. நாற்பதில் ஒரு முறைகூட வெல்ல மாட்டேன். இரண்டு ஜோடி இருந்தாலும் கவிழ்த்துவிடுவேன். சின்ன மேஜைகளில் ஆடுபவர்கள் பெரும்பாலும் அவரைப் போன்றவர்கள்தான். கடைசிச் சுற்றில் நீங்கள் வைத்த பந்தயத்தின் மேல் அவர்கள் இன்னும் ஏற்றினால், விலை எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் விலகுங்கள்.

2003 போட்டியின் கடைசி ஆட்டத்திலும் ஃபர்ஹாவுக்கு மேஜையின் உயர்ந்த சீட்டோடு ஜோடி அமைந்தது. இம்முறை ஜாக்கி ஜோடி, ஒன்பதைவிடப் பெரியது. முதல் மூன்று சீட்டு விரிந்ததுமே இருவரும் எல்லாவற்றையும் போட்டார்கள். மணிமேக்கர் சீட்டைத் திருப்பினார்: ஐந்தும் நான்கும், மேஜையிலும் ஐந்தும் நான்கும். 25 லட்சம் டாலர் அவருக்குப் போனது.