ஹெட்செட் போட்டா முகத்துல பாதி காணோம், முகபாவத்தை எப்படி புடிக்கிறது?

கேள்வி: க்வெஸ்ட் 3 விஆர் ஹெட்செட் வச்சிருக்கேன், பிசியோட கனெக்ட் பண்ணி விஆர்சாட்ல (ஆளாளுக்கு ஒரு 3டி உருவம், அதாவது அவதார், எடுத்துட்டு பேசிப் பழகுற விஆர் உலகம்) கதை சொல்ற வீடியோ எடுக்குறோம். நான் சிரிச்சாலும் முறைச்சாலும் அவதார் உம்முன்னு நிக்குது, பேசினா வாய் மட்டும் அசையுது. ஐபோனை ஸ்டாண்டுல எதிர்ல வச்சா சரியாயிடுமா, இல்ல வேற ஹெட்செட்தான் வாங்கணுமா?

பதில்: ஐபோன் ஐடியாவை விட்ருங்க. கண்ணு, புருவம், மூக்கு எல்லாம் சேர்ந்து தெரிஞ்சாதான் அது முகத்தையே முகம்னு ஒத்துக்கும், ஹெட்செட் போட்டா அதுல முக்கால்வாசி மறைஞ்சு போயிடுது. அதோட நீங்க அந்தப் பக்கம் திரும்பினா ஸ்டாண்டு கூடவே திரும்பாதுல்ல.

இது பழைய தலைவலிங்க. 2015லயே தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல ஹாவ் லீ டீம், ஓக்யுலஸ் ஆளுங்களோட சேர்ந்து ஒரு வழி பண்ணாங்க, முகத்துல ஒட்டுற அந்த ஸ்பாஞ்சுக்குள்ள தோல் அசையுறதை உணர்ற சென்சார் வச்சு மேல்முகத்தையும், ஹெட்செட்லருந்து ஒரு கம்பியை முன்னால நீட்டி அதுல கேமரா மாட்டி வாயையும் புடிச்சாங்க. இன்னிக்கும் கணக்கு அதேதான், மேல்முகத்துக்கு ஹெட்செட்டுக்குள்ள ஒண்ணு, வாய்க்கு கீழ ஒண்ணு, ரெண்டும் தலையோடவே நகரணும். 2022ல வந்த க்வெஸ்ட் ப்ரோல அந்த கேமராவெல்லாம் உள்ளயே இருந்துச்சு, உங்க க்வெஸ்ட் 3ல கிடையாது.

அப்போ இப்ப வாய் எப்படி அசையுதுன்னா, மைக்ல வர்ற சத்தத்தை வச்சு 15 வாய் வடிவத்துல எது பொருந்துதோ அதை போடுது, அவ்ளோதான். சத்தமே இல்லாம உதட்டோரம் சிரிச்சீங்கன்னா அதுக்கு தெரியவே தெரியாது. கதை சொல்றவங்களுக்கு அந்த சத்தமில்லாத இடம்தானே உயிரு, அதனால சும்மா அரட்டை அடிக்கிறவங்களுக்கு குரல் போதும்னு சொல்ற நான் உங்களுக்கு சொல்ல மாட்டேன், வாய்க்கு ஒரு கேமரா போடுங்க.

ப்ராஜெக்ட் பேபிள்னு ஓப்பன் சோர்ஸ் ஒண்ணு இருக்கு. குட்டி கேமராவை ஹெட்செட்டுக்கு அடியில மாட்டினா, பிசில ஓடுற அவங்க சாஃப்ட்வேர் உதடு, தாடை, கன்னம் அசையுறதை படிச்சு, விஆர்சி ஃபேஸ் டிராக்கிங்ங்கிற இன்னொரு ஆப் வழியா விஆர்சாட்டுக்கு அனுப்பும். இதுல பாதி வெற்றி மாட்டுறதுலதான் இருக்கு: கன்னம் ரெண்டும் முகவாயும் ஃப்ரேமுக்குள்ள வரணும், கேமரா நட்ட நடுவுல இருக்கணும், சைடு வாங்கினா அவதாரும் கோணவாயாத்தான் பேசும். மாட்டினதும் "அம்மா, அப்பா"ன்னு மெதுவா சொல்லிப் பாருங்க, 'ம்'ல, 'ப்'ல அவதாரோட உதடு முழுசா ஒட்டணும், ஒட்டலைன்னா கேமராவை நகர்த்திட்டு மறுபடி கேலிப்ரேட் பண்ணுங்க. அடர்த்தியா மீசை இருந்தா மேலுதடு கொஞ்சம் தகராறு பண்ணும். வெளிச்சமும் ஒரே மாதிரி இருக்கணும், மானிட்டர் வெளிச்சம் முகத்துல மாறி மாறி அடிச்சா டிராக்கிங் துள்ளும்.

ஆனா காசை எடுக்குறதுக்கு முன்னாடி அவதாரை ப்ளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல திறந்து ஷேப் கீ (முகம் எந்தெந்த வடிவத்துக்கு மாறலாம்னு அவதார்ல பதிஞ்சு வச்சிருக்குறது) லிஸ்ட்டை பாருங்க, ஆ ஊ ஓ மாதிரி பேச்சுக்கான கீ மட்டும் இருந்தா எவ்ளோ நல்ல கேமரா மாட்டினாலும் மூஞ்சி அசையாது. தாடை, உதடு, கன்னம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கீ வேணும், முகபாவத்துக்கான ஆப்பிளோட 52 வடிவ செட் இருந்தாலும் ஓகே. நிறைய பேர் டிராக்கரை வாங்கிட்டு இங்கதான் வந்து முட்டி நிக்குறாங்க.

கண்ணு, புருவத்துக்கு? கண்ணுக்குள்ள பாக்குற டிராக்கரை நீங்களே செய்யலாம், ஆனா கேமராவுக்கு வெளிச்சம் வேணும்னு கிடைச்ச இன்ஃப்ராரெட் எல்இடியை கண்ணு பக்கத்துல வைக்காதீங்க, அந்த வெளிச்சம் தெரியாததால கண்ணு கூசாது, கண்பாப்பாவும் சுருங்காது, அளவு மீறினாலும் உங்களுக்கு உறைக்காது. க்வெஸ்ட் ப்ரோவை மெட்டா நிறுத்திட்டாங்க, செகண்ட் ஹேண்ட்லதான் தேடணும், புருவத்துக்காக மட்டும் நான் அதை வாங்க மாட்டேன். அதுக்கு பதிலா விஆர்சாட்டோட கை ஜெஸ்ச்சர்ல புருவத்தை கட்டி விடுங்க, முஷ்டி மடக்கினா முறைப்பு, விரலை விரிச்சா ஆச்சரியம்னு. அந்த அனிமேஷன்ல வாய் கீ ஒண்ணுகூட இருக்கக் கூடாது, இருந்தா கேமராவும் ஜெஸ்ச்சரும் வாய்க்கு சண்டை போட்டு உதடு வெடவெடன்னு ஆடும்.